1948 ஜனவரி 30, மாலை ஆறு மணி

அன்புள்ள ஐயா,

என் தாத்தா மன்னார்குடியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். காந்தியைச் சுட்ட செய்தியை முதலாளி வீட்டு ரேடியோவில், திண்ணைக்குக் கீழே தெருவில் கூட்டத்தோடு நின்று கேட்டதாகச் சொல்வார். ராத்திரி நேரு பேசியதையும் கேட்டாராம். “இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா எல்லாரும் அழுதோம்” என்பார். போன வாரம் அந்த நாளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. சுட்டவன் ஒரு இந்து என்று ரேடியோ முதல் அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறது. அரசாங்க வானொலி கொலையாளியின் மதத்தைச் சொல்லலாமா? இன்றைக்கு ஒரு டிவி சேனல் அப்படிச் செய்தால் நீங்களே திட்டி எழுதுவீர்களே?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

திட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் அன்றைக்கு ரேடியோ சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பட்டேலோடு பேச்சு நீண்டுவிட்டதால் காந்தி பிரார்த்தனைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். சுடப்பட்டது ஐந்தேகாலைத் தாண்டி. காந்தி டெல்லியில் தங்கியிருந்த பிர்லா மாளிகைத் தோட்டத்தில் ஆல் இந்தியா ரேடியோ ஆட்கள் பதிவுக் கருவியோடு ஏற்கெனவே இருந்தார்கள். பிரார்த்தனைக்குப் பின் அவர் பேசுவதைப் பதிவு செய்து அன்றிரவே ஒலிபரப்புவது அந்த மாதங்களில் வழக்கம். (காந்தி தானே ஒலிபரப்பு நிலையத்துக்குப் போய்ப் பேசியது ஒரே ஒரு தடவைதான். 1947 நவம்பர் 12, தீபாவளியன்று, குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளுக்காக.) ஆக, செய்தி நடந்த இடத்திலேயே ரேடியோ இருந்தது. அப்படியும் உடனே பாய்ந்து சொல்லிவிடவில்லை. ஆறு மணி வரை வழக்கமான நிகழ்ச்சிகள் ஓடின. அப்புறம் வந்த அறிவிப்பு மிகச் சுருக்கம்: காந்தி கொல்லப்பட்டார், கொன்றவன் ஒரு இந்து.

நடுவில் போன அந்த முக்கால் மணி நேரத்தில் டெல்லி எப்படி இருந்தது என்று பாருங்கள். கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் பிர்லா மாளிகைக்குள் நுழையும்போதே கூட்டத்தில் ஒருவன், சுட்டவன் ஒரு முஸ்லிம் என்று கத்துகிறான். முட்டாளே, அவன் இந்து என்று எல்லாருக்கும் தெரியுமே என்று மவுண்ட்பேட்டன் திருப்பிக் கத்துகிறார். உண்மையில் அந்த நிமிடத்தில் அவருக்கு எதுவும் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும் என்று கூட வந்தவர் கேட்க, தெரியாது, ஆனால் அப்படி இல்லாவிட்டால் இந்த நாடு பார்க்காத படுகொலை நடக்கும் என்றாராம்.

அவர் பயந்ததில் தப்பில்லை. டெல்லி முஸ்லிம்கள் மீதான வன்முறை நிற்க வேண்டும் என்று காந்தி உண்ணாவிரதம் இருந்து முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 20ஆம் தேதிதான் அதே தோட்டத்தில் குண்டு வெடித்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்த அகதிகள் நகரம் முழுக்க இருந்தார்கள். அந்த ஊரில், அந்த மாலையில், ‘யாரோ ஒருவன் சுட்டான்’ என்று ரேடியோ நாகரிகமாக நிறுத்தியிருந்தால், கேட்டவர்கள் அந்த யாரோவுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? இன்றைக்கு மதத்தைச் சொல்லாமல் விடுவது கலவரத்தைத் தவிர்க்க. அன்று சொன்னதும் அதே காரணத்துக்காகத்தான்.

உங்கள் தாத்தா தெருவில் நின்று கேட்டார் என்றீர்களே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் ஆல் இந்தியா ரேடியோவுக்கு இருந்த நிலையங்கள் மொத்தம் ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, நம் பக்கத்தில் சென்னை, திருச்சி. ஒலிபரப்பு எட்டியது மக்கள்தொகையில் 11 சதவீதத்துக்கு. அந்த எல்லைக்குள்ளும் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேருக்கெல்லாம் செய்தி வாய்வழியாகத்தான் போனது. முதலாளி வீட்டுத் திண்ணையில் கேட்டது கடைத்தெருவுக்கு, அங்கிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து கிராமத்துக்கு. முதல் வாயிலேயே சரியான சொல் இருந்தாக வேண்டும்.

நேரு பேசியது அதற்குப் பிறகு. எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். ஒளி அணைந்துவிட்டது என்ற தொடக்கத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அந்தப் பேச்சின் நடுப்பகுதி பிடிக்கும், அதை யாரும் சொல்வதில்லை. உடலைச் சில நாள் பதப்படுத்தி வைக்கலாம் என்று சிலர் விரும்பினார்கள், காந்திக்கு அதில் சம்மதம் இல்லை என்பதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்கிறார். நாளை பதினொன்றரைக்கு ஊர்வலம் புறப்படும், நாலு மணி வாக்கில் யமுனைக் கரையில் தகனம், பாதையை ரேடியோவிலும் பத்திரிகையிலும் அறிவிப்போம் என்கிறார். துக்க வீட்டில் மூத்த பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த காரியத்தைச் சொல்வது மாதிரி இருக்கும். கொலையாளியை அவர் இந்து என்று சொல்லவில்லை, பைத்தியக்காரன் என்றார். அந்தச் சொல் அதற்குள் தேவைப்படவில்லை. ஆறு மணி அறிவிப்பு அந்த வேலையை முடித்துவிட்டது.

மறுநாள் ஆல் இந்தியா ரேடியோ வர்ணனையாளர் மெல்வில் டி மெல்லோ ஊர்வலத்தோடு கூடவே போய் ஏழு மணி நேரம் வர்ணனை செய்தார். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். கொன்றவன் சித்பாவனர் என்ற மராட்டியப் பிராமணப் பிரிவைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும் பூனா, பம்பாய், கோலாப்பூர் பக்கங்களில் பிராமணர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. ஒரு நெருப்பைத் தடுத்த தகவல், கொஞ்சம் விவரம் கூடியதும் இன்னொன்றை மூட்டியது. நம் பக்கம் அப்படி நடக்கவில்லை. பிராமண எதிர்ப்பு அரசியல் இங்கேதான் வலுவாக இருந்தது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. அமைதி காக்கச் சொல்லித் திருச்சி வானொலியில் பேசியவர்களில் பெரியாரும் ஒருவர்.

மன்னார்குடிக்குச் சென்னையைவிடத் திருச்சிதான் பக்கம். தாத்தா கேட்டது திருச்சி நிலையமாக இருந்தால் அந்தப் பேச்சும் அவர் காதில் விழுந்திருக்கலாம். அவர் அதைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.