இரண்டே வாரத்தில் வடக்கு ஸ்பெயின் முழுவதும் எதற்கு?

கேள்வி: நானும் கணவரும் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறோம். அவருக்கு 62, எனக்கு 58. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய கேம்பர்வேன் ஒன்று வாங்கினார். வேல்ஸ், கார்ன்வால் வரை போய் வந்திருக்கிறோம். வரும் செப்டம்பர் நடுவில் போர்ட்ஸ்மவுத்திலிருந்து சான்டாண்டருக்கு ஃபெர்ரி பதிவு செய்தாயிற்று. போக வர எல்லாம் சேர்த்து 14 நாள். சான் செபாஸ்டியன், பில்பாவோ, மலைப்பகுதி, ஒவியெதோ, லா கொருன்யா, சாந்தியாகோ, ஃபினிஸ்டெர் என்று தினம் ஓர் ஊர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மலை ரோடு என்றாலே உள்ளங்கை வியர்க்கும். இரவில் எங்கே நிறுத்துவது, பயமில்லையா, சுத்த சைவமான நான் என்ன சாப்பிடுவது என்று தூக்கமே வரவில்லை. ஆனால் அவர் இவ்வளவு ஆசையாக இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயணத்தை நிறுத்தவே வேண்டாம். பட்டியலில் பாதியை வெட்டினால் போதும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போர்ட்ஸ்மவுத்–சான்டாண்டர் கப்பல் ஒரு வழிக்கே ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஆக, ஸ்பெயின் மண்ணில் உங்களுக்குக் கிடைப்பது பதினோரு நாள்தான். சான்டாண்டரில் இறங்கி, கிழக்கே சான் செபாஸ்டியனுக்குப் போய், அங்கிருந்து திரும்பி மேற்கே ஃபினிஸ்டெர் முனை வரை போய், மறுபடி கப்பலுக்கு வந்து சேர்வதென்றால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டிப் போகும் ஏ-8 சாலை அருமையான சாலை, சான்டாண்டருக்கு மேற்கே சுங்கமும் கிடையாது. அதனால் ஓட்டுவது கஷ்டமாக இருக்காது. ஆனால் தினம் இடம் மாறினால் தினம் காலையில் படுக்கையை மடிக்க வேண்டும், பாத்திரம் உருளாமல் கட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவைக் கொட்ட வேண்டும். சாயங்காலம் புது ஊரில் இடம் தேடி, வேனைச் சமமாக நிறுத்தி, மறுபடி எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். காரில் போய் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு இந்த வேலை கிடையாது. உங்கள் கணவரின் பட்டியல் காரில் போகிறவர்களுக்குப் பொருந்தும் பட்டியல்.

என் யோசனை இது. கலீசியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். லா கொருன்யா, சாந்தியாகோ, ஃபினிஸ்டெர் மூன்றும் தனியாக இன்னொரு முறை போக வேண்டிய இடங்கள். சான் செபாஸ்டியனையும் விடுங்கள். சான்டாண்டரிலிருந்து மேற்கே கன்டாப்ரியா, அஸ்தூரியாஸ் இரண்டு மாகாணங்கள் போதும். நான்கு இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இரவு.

கப்பலை விட்டு இறங்கிய அன்று தூரம் ஓட்டாதீர்கள். அரை மணி நேரத்தில் சாந்தியானா தெல் மார் வந்துவிடும். கல் பாவிய தெருக்கள் உள்ள சின்ன ஊர், பக்கத்திலேயே அல்டமிரா. 1879-இல் மார்செலினோ தே சௌத்துவோலா என்பவர் தன் சின்ன மகளோடு குகைக்குள் போனபோது, கூரையில் இருந்த காட்டெருமை ஓவியங்களை முதலில் கண்டது அந்தக் குழந்தைதான். இப்போது மூலக் குகையைப் பாதுகாப்புக்காக ஏறக்குறைய மூடியே வைத்திருக்கிறார்கள். நாம் பார்ப்பது பக்கத்தில் 2001-இல் அச்சு அசலாகக் கட்டிய பிரதி. பிரதி என்பதால் தவிர்க்க வேண்டாம், நன்றாகவே செய்திருக்கிறார்கள். உண்மையான ஓவியத்தையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், சான்டாண்டருக்குத் தெற்கே புயெந்தே வியெஸ்கோ ஊரில் எல் காஸ்டியோ குகை இருக்கிறது. அங்கே ஒரு சிவப்பு வட்டத்துக்கு 40,800 ஆண்டுக்கு மேல் வயது என்று கணித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு அவசியம். அல்டமிரா அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மலை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பிகோஸ் தே யூரோப்பா மலைத்தொடரைப் பார்க்க உங்கள் வேனை மலையுச்சிக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. கடற்கரையில் உங்கெரா என்ற இடத்தில் திரும்பி பொட்டெஸ் ஊருக்குப் போகும் சாலை, தேவா ஆற்றை ஒட்டியே லா எர்மிதா பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். சாலை வளைந்து வளைந்து போகும். ஆனால் ஆற்றோடு போவதால் பெரிய ஏற்றம் கிடையாது, தலைசுற்றும் பள்ளமும் கிடையாது. ஒன்று கவனியுங்கள்: உங்கள் வேன் இங்கிலாந்து வண்டி, ஸ்டீயரிங் வலப்பக்கம். ஸ்பெயினில் சாலையின் வலப்பக்கம் ஓட்டும்போது நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். எதிரே பஸ் வருகிறதா என்பது அவருக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும். பல பெண்களுக்கு மலை ரோட்டைவிட இதுதான் பதற்றம். காலை பத்து மணிக்குள் அந்தச் சாலையைக் கடந்துவிடுங்கள். பின்னால் வண்டி சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடச் சொல்லுங்கள். அவசரம் இல்லாத ஓட்டம் என்றால் பாதி பயம் போய்விடும்.

பொட்டெஸ் பக்கம் மூன்று இரவு தங்குங்கள். திங்கட்கிழமை அங்கே சந்தை. இன்னும் மேலே போனால் ஃபுயெந்தே தே. அங்கிருந்து கேபிள் கார் நான்கு நிமிடத்துக்குள் 753 மீட்டர் மேலே கொண்டுபோய் விடும். காலையில் கிளம்பும் முதல் கேபிள் காரில் போனால் கூட்டமும் குறைவு, மேகம் கவியும் முன் மலையும் தெரியும். கேபிள் காரே பயம் என்றால் அவரை அனுப்பிவிட்டு நீங்கள் அடிவாரத்தில் நடக்கலாம், அங்கேயும் காட்சிக்குக் குறைவில்லை. கோவடோங்கா ஏரிகளுக்கு மட்டும் வேனில் போக நினைக்காதீர்கள். சாலை செங்குத்து, கோடைப் பருவத்தில் பகல் நேரத்தில் தனியார் வண்டிகளை விடுவதும் இல்லை. காங்காஸ் தே ஓனிஸ் ஊரிலிருந்து பஸ் போகிறது. அந்த ரோட்டைத் தினமும் ஓட்டுகிற டிரைவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் ஜன்னல் வழியே பாருங்கள்.

இரவு எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்பெயினில் வண்டி நிறுத்துவது வேறு, கூடாரம் போடுவது வேறு. சாதாரண வாகன நிறுத்துமிடத்தில் கோட்டுக்குள் நிறுத்தி, உள்ளே படுத்துத் தூங்குவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் நாற்காலியை வெளியே போட்டாலோ, பக்கவாட்டுக் கூரைத்துணியை இழுத்தாலோ, ஒரு சொட்டுக் கழிவுநீர் தரையில் விழுந்தாலோ அது முகாம் ஆகிவிடும், அபராதம் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு நகராட்சிக்கும் தனித் தடை உண்டு. கடற்கரை ஊர்களில் இரவு நேரத்துக்கு வேன் கூடாது என்ற பலகைகள் நிறைய. கடலோரத்திலும் தேசியப் பூங்காவிலும் இரவு தங்க நினைக்கவே வேண்டாம்.

உங்கள் மனநிலைக்கு நான் சொல்வது கேம்ப்சைட்தான். நடுவில் ஓரிரு இரவு மட்டும், வேன்களுக்கென்றே நகராட்சிகள் வைத்திருக்கும் ‘ஆரேயா’ எனப்படும் நிறுத்துமிடங்களைப் பயன்படுத்துங்கள். அங்கே தண்ணீர் பிடிக்கவும் கழிவறைப் பெட்டியைக் கொட்டவும் இடம் இருக்கும், சுற்றிலும் உங்களைப் போன்ற வயதான ஜோடிகள் இருப்பார்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மட்டும் இரவு தூங்காதீர்கள். வேன் திருட்டு நடப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான். ஒன்றை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்: செப்டம்பர் நடுவிலிருந்து பல கேம்ப்சைட்டுகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிக்கும்.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஸ்பெயின் என்றதும் வெயில் என்று நினைப்போம். இந்தப் பகுதி பச்சைப் பசேலென்று இருப்பதற்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழைதான் காரணம். இரண்டு பேர் மூச்சு, ஈரச் சட்டை, கொதிக்கும் குழம்பு எல்லாம் ஒரு சின்ன வேனுக்குள் சேர்ந்தால் காலையில் ஜன்னலில் தண்ணீர் வழியும், தலையணை ஈரம் கோக்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரை ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்துத் தூங்குங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டும் வெப்பத் தடுப்புத் திரை இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். துணி உலர்த்தும் மெஷின் உள்ள கேம்ப்சைட்டாகப் பார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறையாவது தங்குங்கள். ஈர ஷூவோடு நான்கு நாள் இருந்தால் எந்த ஜோடியும் சண்டை போடும்.

சாப்பாடு. இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், தயிர், நெய், பனீர் எதையும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி இவற்றுக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோகலாம். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, அப்பளம், ஊறுகாய் பிரச்சினையில்லை. அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வேக வைத்த கொண்டைக்கடலை, பயறு, பீன்ஸ் கண்ணாடி ஜாடியில் கிடைக்கும். பத்து நிமிடத்தில் குழம்பு வைத்துவிடலாம், கேஸும் மிச்சம். இங்கிலாந்து கேஸ் சிலிண்டரை அங்கே மாற்றித் தர மாட்டார்கள், அதனால் முழுச் சிலிண்டரோடு கிளம்புங்கள். மின்சார அடுப்பு கொண்டுபோனால் ஒரு எச்சரிக்கை: சில கேம்ப்சைட்டில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், அதாவது 1,400 வாட்டுக்கும் குறைவு. அடுப்பையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் போய்விடும்.

வெளியே சாப்பிடும்போது கவனம். அஸ்தூரியாஸின் பெருமையான ஃபபாதா பார்க்க வெறும் பீன்ஸ் போலத்தான் இருக்கும், உள்ளே பன்றிக்கறி, இரத்தத் தொத்திறைச்சி எல்லாம் உண்டு. ‘வெஜிடல்’ என்று எழுதிய சாண்ட்விச்சில் டூனா மீனும் முட்டையும் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாமைத் தூவிக் கொடுத்துவிடுவார்கள். ‘சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, ஹாம், மீன் மூன்றும் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்களென்றால் தொர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். எண்ணெயில் வாட்டி உப்புத் தூவிய பத்ரோன் மிளகாய் உங்களுக்குப் பிடிக்கும். மலைக் குகையில் பழுக்க வைக்கும் கப்ராலெஸ் சீஸும் பிரபலம். ஆனால் இங்குள்ள பாரம்பரியச் சீஸ்களில் பலவற்றைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளால்தான் உறைய வைக்கிறார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நடுவில் சமையலறை மூடியிருக்கும். மதியம் வெளியே, இரவு வேனில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்கி யானெஸ், ரிபடெசெயா பக்கம் கடைசி இரண்டு நிறுத்தங்கள். யானெஸுக்குப் பக்கத்தில் நாவெஸ் கிராமத்திலிருந்து நடந்து போனால் குல்பியூரி. புல்வெளி நடுவில் ஒரு சின்ன மணல் கரை, கடல் கண்ணுக்கே தெரியாது. பாறைக்கு அடியில் புகுந்து வரும் தண்ணீர் அலையாகவே வந்து மணலில் ஏறும். கடல் வற்றியிருக்கும் நேரம் போனால் வெறும் குழிதான், அதனால் கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

ஒரு மாலை வேனை கேம்ப்சைட்டில் விட்டுவிட்டு, நடந்தே சித்ரெரியா ஒன்றுக்குப் போய் வாருங்கள். ஆப்பிள் மதுக்கடைதான், ஆனால் குடும்பத்தோடு சாப்பிட வருகிற இடம். ஊற்றுகிறவர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, டம்ளரை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, பார்க்காமலே ஊற்றுவார். மெல்லிய நூலாக இறங்கி டம்ளர் விளிம்பில் பட்டு நுரைக்கும், கொஞ்சம் தரையில் சிந்தும். இரண்டு மடக்கு அளவுதான் ஊற்றுவார்கள், நுரை அடங்கும் முன் குடிக்க வேண்டும். நீங்கள் குடிக்காவிட்டாலும் அதைப் பார்ப்பதே சந்தோஷம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், பட்டியல் அப்படியே இருக்கும். வரைபடத்தை விரித்து, அவர் எழுதிய ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் கிலோமீட்டரையும் ஓட்ட வேண்டிய நேரத்தையும் இருவருமாக எழுதுங்கள். பிறகு, “இதில் எதைப் பார்க்காமல் வந்தால் உங்களுக்கு மனசு ஆறாது?” என்று கேளுங்கள். சாந்தியாகோ என்று சொன்னால் அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். அப்போது மலையை விட்டுவிட்டு மேற்கே போகலாம், இரண்டும் சேர்த்து மட்டும் வேண்டாம். பில்பாவோ என்றால் சுலபம். கடைசி நாட்களில் சான்டாண்டர் பக்கத்து கேம்ப்சைட்டில் வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பார்த்து மாலைக்குள் திரும்பிவிடலாம். நூறு கிலோமீட்டர்தான், நகரத்துக்குள் வேன் ஓட்டும் தொல்லையும் இல்லை.

கழிவறைப் பெட்டியைக் கொட்டுவது யார் வேலை என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பேருக்கு இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள்தான் தாங்கும். ஓட்டுவது அவர், சமைப்பது நீங்கள் என்றால் இது அவர் பங்கு என்பது என் அபிப்பிராயம்.