தானியம் சேராத பூசணி பேன்கேக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவும் சேர்க்காமல் மஞ்சள் பூசணியில் செய்யும் பேன்கேக் பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையாக நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: நீர் வடித்த பூசணி விழுது 120 கிராம், முட்டை 2, பாதாம் மாவு 50 கிராம், உருக்கிய நெய் ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மணத்துக்குச் சுக்குப்பொடியும் ஏலப்பொடியும். இதில் உள்ளங்கை அகலத்தில் ஆறு பேன்கேக் கிடைக்கும்.

கேள்வி: அமெரிக்கச் செய்முறை ஒன்றில் சொன்ன அளவை மாற்றாமல் செய்தேன். மாவு கல்லில் பரவிக்கொண்டே போகிறது, திருப்பினால் பிய்ந்துவிடுகிறது, உள்ளே வேகாமல் பிசுபிசுக்கிறது. எங்கே தவறு? (பாளையங்கோட்டை)

தவறு உங்கள் கையில் இல்லை, பூசணியின் நீரில் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் டின்னில் வரும் கெட்டியான பூசணி விழுதைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. நாம் சந்தையில் கீற்றாக வாங்கி வரும் பூசணியிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். அதைக் குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்து அப்படியே மசித்தால், நீங்கள் அளந்து போடுவதில் கணிசமான பங்கு வேண்டாத நீராக இருக்கும்.

ஆகவே பூசணியைத் தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கி, இட்லிக் கொப்பரையில் ஆவியில் 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் சதையை வழித்து மசித்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். அவசரமானால் அகன்ற வாணலியில் சிறுதீயில் கிளறி நீரை வற்றவைக்கலாம். ஒரு கரண்டி விழுதைத் தட்டில் வைத்தால் அதைச் சுற்றி நீர் கசியாமல் இருக்க வேண்டும்; அதுவரை அதை அளக்க வேண்டாம். ஏறத்தாழ 200 கிராம் பச்சைத் துண்டுகளிலிருந்து இப்படி 120 கிராம் விழுது கிடைக்கும். பிழிந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது தீ. கோதுமை மாவில் உள்ள பசையம் (குளூட்டன்) பண்டத்தை இழுத்துப் பிடிக்கும். அரிசி மாவில் வெந்த மாவுப்பொருள் அந்த வேலையைச் செய்யும். இந்தப் பேன்கேக்கில் இரண்டும் இல்லாததால் முட்டையின் புரதம் இறுகுவதொன்றே பிடிமானம். தோசைக்குக் காயவைப்பதுபோல் கல்லைக் காயவைத்தால், பாதாமும் பூசணியின் இனிப்பும் சேர்ந்து அடிப்பக்கம் கருகிவிடும், உள்ளே முட்டை இறுகியிருக்காது. கல் மிதமாகக் காய்ந்ததும் நெய் தடவி, மாவைச் சிறிதாக ஊற்றி, மூடி போட்டு, சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கி, ஓரம் தானாகக் கல்லைவிட்டு எழும்பும்போது திருப்பினால் பிய்யாது. அகலமாக ஊற்றும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: பாதாம் மாவுக்குப் பதில் தினை மாவோ சாமை மாவோ போடலாமா? கடலை மாவு? (சங்கரன்கோவில்)

தினையும் சாமையும் தானியங்கள்தாம்; அவற்றைச் சேர்த்தால் அது நல்ல சிறுதானியப் பேன்கேக்காக இருக்கும், தானியமில்லாத பேன்கேக்காக இருக்காது. கடலை மாவு தானியமல்ல. ஆனால் அதில் 100 கிராமுக்கு 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருப்பதால், மாவுச்சத்தைக் குறைப்பது உங்கள் நோக்கமென்றால் அதுவும் உதவாது.

கேள்வி: பாதாம் விலை எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா? (ஆலங்குளம்)

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நிலக்கடலை. அதன் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பாதாமுக்கு அருகில்தான் நிற்கின்றன. புரதமோ சற்றுக் கூடுதல். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய பருப்புகளை முதலில் பொறுக்கி எறிந்துவிட்டு, எண்ணெய் விடாமல் வறுத்து, நன்றாக ஆறவைத்து, தோலைப் புடைத்து நீக்குங்கள். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டு ஓட்டினால் மாவாகும். சூட்டோடு ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். பாதாமுக்குச் சொன்ன அதே 50 கிராம் போதும். நிலக்கடலையின் வாசனை பூசணியின் மணத்தை மீறி நிற்கும் என்பதால், ஏலக்காயைவிடச் சுக்கும் மிளகும் இதற்குப் பொருந்துகின்றன.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த வழி, தேங்காய்ப்பாலில் சொதிக் குழம்பு வைக்கும் வீடுகளில் இலவசமாகவே கிடைப்பது. மூன்றாம் பாலும் எடுத்தபின் மிஞ்சும் தேங்காய்ச் சக்கையைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் மொரமொரவென்று காயவைத்து, அரைத்துச் சலித்தால் அதுதான் கடையில் அதிக விலைக்கு விற்கும் தேங்காய் மாவு. ஈரம் சிறிது மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும், எஞ்சியுள்ள எண்ணெயால் நாளடைவில் சிக்கு வாடையும் வரும் என்பதால் குளிர்பெட்டியில் வையுங்கள். இந்த மாவு நீரை அளவின்றி உறிஞ்சும். 50 கிராம் பாதாமுக்கு ஈடாக 20 கிராம் போட்டு, முட்டையை மூன்றாக்கி, கலந்தபின் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். உடனே ஊற்றினால் முதல் பேன்கேக் தளர்வாகவும் கடைசிப் பேன்கேக் கட்டியாகவும் வரும்.

கேள்வி: எங்கள் வீடு சைவம். முட்டையில்லாமல் செய்தால் ஆச்சியும் சாப்பிடுவார்கள். முடியுமா? (திருநெல்வேலி டவுன்)

முடியும், ஆனால் முட்டை போட்டதன் மென்மை வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முட்டைக்கும் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து, கொழகொழப்பாகும்வரை கால் மணி நேரம் வைத்துச் சேருங்கள். அதோடு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி சேர்த்தால் பிடிமானம் கூடும். தேங்காய் மாவை மட்டும் நம்பி முட்டையை விட்டால் உதிர்ந்துவிடும். நிலக்கடலை மாவோ பாதாம் மாவோ கட்டாயம் வேண்டும். தோசைக்கல்லில் திருப்பிப் போராடுவதைவிட, நெய் விட்ட பணியாரக்கல்லில் குழிக்கு முக்கால் அளவு ஊற்றி மூடி வேகவைப்பது எளிது. வடிவம் பேன்கேக்காக இல்லாவிட்டால் என்ன, ஆச்சிக்கு அதுதான் பழக்கமானது. இசப்கோல் சேர்த்த பண்டத்தோடு தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். மாத்திரைகளை அதே வேளையில் போடாமல் இடைவெளி விடுவது நல்லது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பூசணி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் என்கிறார்கள். காலையில் இட்லிக்குப் பதில் இதைக் கொடுக்கலாமா? (வீரவநல்லூர்)

பூசணியின் கிளைசெமிக் குறியீடு பல அட்டவணைகளில் உயர்வாகக் காணப்படுவது உண்மை. ஆனால் அந்தக் குறியீடு மாவுச்சத்து எவ்வளவு வேகமாக இரத்தத்தில் சேருகிறது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு சேருகிறது என்பதைச் சொல்லாது. பச்சைப் பூசணியில் 100 கிராமுக்குச் சுமார் 6.5 கிராம் மாவுச்சத்துதான் இருக்கிறது. அதே எடை பச்சரிசியில் 78 கிராம் அளவுக்கு இருக்கும். மேலே சொன்ன அடிப்படை அளவில் பூசணியிலிருந்து அதிகபட்சம் 13 கிராம், பாதாமிலிருந்து 10 கிராம், முட்டையிலிருந்து ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆறு பேன்கேக்குக்கும் சேர்த்து 24 கிராம். நார்ச்சத்தைக் கழித்தால் இன்னும் குறையும். அப்பா மூன்று சாப்பிட்டாலும் 12 கிராமைத் தாண்டாது.

எனக்குள்ள கவலை பூசணியைப் பற்றியதல்ல, மருந்தைப் பற்றியது. அவர் இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், அந்த அளவு அவர் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியைக் கணக்கில் வைத்துக் கொடுக்கப்பட்டது. மருந்தைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற வேறோர் ஆபத்து இருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சாப்பிடுமுன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் பூசணியிலும் பாதாம், நிலக்கடலையிலும் உள்ள பொட்டாசியத்தையும் மருத்துவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சீனி வேண்டாம், உடன்குடிக் கருப்பட்டி போடலாம்தானே? (திருச்செந்தூர்)

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி போட்டாலே பத்துக் கிராமுக்கு மேல் மாவுச்சத்து ஏறிவிடும். அதாவது, பூசணி முழுவதும் தருகிற அளவுக்கு அருகில் வந்துவிடும். வீட்டில் சர்க்கரை நோயாளி இல்லையென்றால் பாகாகக் காய்ச்சித் தட்டில் ஒரு தேக்கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள், மாவில் கலக்காதீர்கள். மற்றவர்களுக்கு, நகம் இறங்காத கெட்டித் தோலும் காய்ந்த காம்பும் உள்ள முற்றிய பூசணியே வேண்டிய இனிப்பைத் தரும்.

கேள்வி: மகனுக்குக் கோதுமை ஒவ்வாது. இந்தப் பேன்கேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாமா? (தென்காசி)

பொட்டலத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் காரமாகச் செய்பவர்கள் பெருங்காயமும் சேர்ப்பதுண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பேக்கிங் பவுடரில் மக்காச்சோள மாவு இருப்பது வழக்கம். அது கோதுமை ஒவ்வாமைக்குத் தீங்கில்லை, ஆனால் தானியம் அறவே வேண்டாம் என்பவர்கள் அரைக்கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மஞ்சள் பூசணி கிடைக்காதபோது தடியங்காய் (வெண்பூசணி) போடலாமா? மேலும், போன வாரம் வாங்கிய பூசணி கசந்தது. மசாலா போட்டுச் சரிசெய்யலாமா? (அம்பாசமுத்திரம்)

தடியங்காயில் மாவுச்சத்து இன்னும் குறைவுதான்; ஆனால் அநேகமாக நீரே என்பதால் வடித்தபின் விழுதென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதை மோர்க்குழம்புக்கு விட்டுவிடுங்கள். கசந்த பூசணியைச் சரிசெய்யக் கூடாது. அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற பொருளால் வருவது. வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இனி நறுக்கியவுடன் பச்சையாக ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் போட வேண்டாம்.