12 கிலோ குழந்தைக்கு மூன்று மாத்திரைகள் அதிகமா?

வணக்கம். 60 கிலோ எடையுள்ள உங்கள் கணவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து கொடுக்கப்படும்போது, 12 கிலோ எடையுள்ள மகளுக்குத் தண்ணீரில் கரையும் மூன்று கூட்டு மாத்திரைகள் (பல மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தவை) வழியே 150 மில்லிகிராம் கொடுப்பது மிகையல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு, மருந்தில் பாதி என்றால் எந்தத் தாய்க்கும் பதற்றம் வரும். ஆயினும் அந்த அளவு சரியானதே.

உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைகளின் கல்லீரல் பெரியவர்களுடையதைவிடப் பெரியது. அது ஐசோனியசிட்டை விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுவதால், கிலோவுக்குப் பெரியவர்களின் அளவையே கொடுத்தால், இரத்தத்தில் மருந்தின் செறிவு கிருமியைக் கொல்லும் அளவை எட்டாமலே போகக்கூடும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2010இல் குழந்தைகளுக்கான ஐசோனியசிட்டைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10ஆகவும், அதே கூட்டு மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15ஆகவும் உயர்த்தியது. ஐசோனியசிட்டில் 7 முதல் 15 வரை ஏற்கத்தக்கது; உங்கள் மகளுக்குக் கிடைப்பது 12.5. இந்த மருந்தைச் சிதைக்கும் என்சைமின் வேகம் மரபணுவுக்கேற்ப ஆளுக்கு ஆள் மாறும். பிறந்த முதல் மாதங்களில் அது மந்தமாகவே இருக்கும் என்பதால் பச்சிளங்குழந்தைகளின் கணக்கு வேறு.

தயவுசெய்து நீங்களாக ஒரு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். எடை கூடக்கூட அளவை மருத்துவரிடம் மறுபடி சரிபாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால்தான், அஞ்ச வேண்டாம். ஆனால் கண்கள் மஞ்சளித்தாலோ, வாந்தி ஓயாமல் தொடர்ந்தாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.