உலோகத்தில் வார்த்த குட்டிப் போர்வீரர்களும் ஒரு டிராகனும் துண்டுதுண்டாகக் கிடைத்திருக்கின்றன. எவருடைய தயாரிப்பு என்று கண்டுபிடித்து எப்படி ஒட்டுவது?

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பெட்டியில் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான முப்பது உருவங்கள், ஆறு துண்டுகளாக ஒரு டிராகன், சிலவற்றின்மேல் வெள்ளைத் தூள், எந்தப் பசை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய மூவரும் பசையின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பசை கடைசி வேலை. உங்கள் கையில் இருப்பது வெள்ளீயமா, காரீயமா என்பதை முதலில் பாருங்கள்.

நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். வீச்சு வலையின் ஓரத்தில் ஈயக்குண்டு கோக்கிறோம். பாத்திரத்தில் பூசுவது வெள்ளீயம், வலையில் தொங்குவது காரீயம். முன்னதில் சோறு உண்ணலாம், பின்னது நஞ்சு. இந்த உருவங்கள் பெரும்பாலும் இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து வார்க்கப்பட்டவை. எங்கே வளைக்கலாம், எதில் ஊறவைக்கலாம், எந்தப் பெட்டியில் வைக்கலாம், பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்பதெல்லாம் அந்தக் கலவையைப் பொறுத்தது.

நான் இதைக் கற்றது மட்டக்களப்பின் கல்லடியில், ஒரு பத்தரிடம். லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகன் தன் இளமைக்காலச் சேகரிப்பை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். அதில் ஓர் ஓர்க்கின், அதாவது கற்பனைக் கதைகளில் வரும் அரக்க வீரனின், தோளில் வார்ப்பில் மிஞ்சிய பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஒழுங்கையில் இருந்த பத்தரிடம் பொடி அரம் இரவல் கேட்கப் போனேன். உருவத்தை வாங்கி உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். பிறகு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதன் அடியை ஒரு கோடு இழுத்தார். பென்சிலால் எழுதியதுபோல் சாம்பல் நிறத்தில் தடம் விழுந்தது. "மகன், இதை என் பட்டறை மேசையில் வைக்காதீர்கள். காரீயம் கொஞ்சம் பொன்னில் சேர்ந்தாலே போதும், உருக்கி அடிக்கும்போது பொன் நொறுங்கிப்போகும்" என்றார். அரம் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய நகைத் தராசை வெளித்திண்ணையில் வைத்து நிறுத்துப் பார்க்க விட்டார்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். உருவத்தை முதலில் சாதாரணமாக நிறுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். உருவத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது உருவம் விலக்கிய நீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். காரீயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தினது 7.3. என் ஓர்க் 18.42 கிராம், விலக்கிய நீர் 1.90 கிராம், ஏறத்தாழ 9.7. எடையில் பத்துக்கு ஏழு பங்கு காரீயம் என்று பொருள். அதே டின்னில் இருந்த ஒரு மந்திரவாதி 14.60 கிராம், நீர் 1.99 கிராம், 7.3. அது அநேகமாக முழுவதும் வெள்ளீயம். பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றிவிட்டு நிறுங்கள். உருவத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

தராசு கிடைக்காவிட்டால் காது போதும். வேண்டாத ஒரு துண்டை, வார்ப்பின்போது மிஞ்சிய கம்பி இருந்தால் அதை, காதருகே பிடித்து மெதுவாக வளையுங்கள். வெள்ளீயம் மிகுந்தது கிறீச்சென்று மெல்லிய ஒலி எழுப்பும். உள்ளே இருக்கும் பளிங்குபோன்ற மணிகளின் அமைப்பு வளையும்போது சட்டென்று மாறுவதால் எழும் ஒலி அது. காரீயம் சத்தமே போடாமல் மடங்கிக்கொடுக்கும்.

இனி, யார் செய்தது என்பது. பெட்டியை வைத்து முடிவு கட்டாதீர்கள். சேகரிப்பவர்கள் பெட்டி மாற்றி வைப்பது வழக்கம். காலடியைப் பாருங்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து பிரிட்டனின் சிட்டடெல் நிறுவன உருவங்களில் காலுக்குக் கீழே ஒரு தட்டையான பட்டை இருக்கும். பிளாஸ்டிக் அடித்தட்டின் பிளவுக்குள் அது செருகி நிற்கும். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். அதற்கு முந்தியவையும் அமெரிக்க உருவங்கள் பலவும் உலோக அடித்தட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. அவற்றைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் கைத்தொலைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் எழுத்தின் நிழல் எழும்பும்.

கனடாவிலிருந்து வந்தது என்பதால் ரால் பார்தா, கிரெனேடியர் என்ற இரண்டு நிறுவனங்களின் பெயர்களை எதிர்பார்க்கலாம். இரண்டும் 1975இல் அமெரிக்காவில் தொடங்கியவை. முன்னது ஒஹாயோவின் சின்சினாட்டியில், பின்னது பென்சில்வேனியாவில். ரால் பார்தாவின் பழைய வீரர்கள் மெலிந்தவர்கள், மனித அளவுக்கு நெருங்கிய தலையும் கையும் உள்ளவர்கள். சிட்டடெல் வீரர்களுக்குத் தலையும் முட்டியும் வாளும் பெருத்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் நோயாளி போலவும் மற்றவர் மல்லன் போலவும் தெரிவார்கள். எனக்கு மெலிந்தவர்களைத்தான் பிடிக்கும். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் நிறையப் பேர். பெயர் தெரிந்த பிறகு குறிப்பிட்ட உருவம் எது என்று தேட, லொஸ்ட் மினிஸ் விக்கி என்ற தளத்தில் நிறுவனவாரியாகப் படங்கள் இருக்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். பொறித்திருக்கும் ஆண்டு உருவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. வார்த்த ஆண்டு அல்ல. ஒரே ரப்பர் அச்சு வரிசையிலிருந்து பல ஆண்டுகள் வார்ப்பார்கள். கிரெனேடியர் 1996இல் மூடப்பட்டது. அதன் உருவங்கள் பலவற்றை இத்தாலியின் மிர்லிட்டன் நிறுவனம் பின்னரும் வார்த்து விற்றது. அமெரிக்காவில் காரீயப் பொம்மைகளுக்கு எதிராகச் சட்டம் வரும் என்ற பேச்சு எழுந்தபோது ரால் பார்தா 1993இல் ராலிடியம் என்ற காரீயமற்ற கலவைக்கு மாறியது. ஆகவே 1984 என்று பொறித்த உருவம் காரீயமாகவும் இருக்கலாம், வெள்ளீயமாகவும் இருக்கலாம். ஆண்டு சொல்லாததைத் தராசு சொல்லும். அதனால்தான் தராசை முதலில் வைத்தேன்.

வெள்ளைத் தூளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வார்ப்பதற்கு முன் ரப்பர் அச்சில் தூவும் டல்க் பவுடர். சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். அடியில் உலோகம் வழவழப்பாக இருக்கும். மற்றது காரீயம் அரித்து உண்டாகும் ஈயக் கார்பனேற்று. அதைத் துடைத்தால் அடியில் அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரியும். இரண்டாவது வகையென்றால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் தூள் நஞ்சு. ஈரத் தூரிகையால் கழுவி, நன்றாக உலர்த்தி, வார்னிஷ் பூசுங்கள். அட்டைப்பெட்டியை எறிந்துவிடுங்கள். அட்டையும் மரமும் விடும் அமில ஆவிதான் இந்த அரிப்பைத் தூண்டுவது. மர அலுமாரி வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும்.

இதில் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய நிறப்பூச்சை நீக்க, குசினியில் இருந்த தென்னை வினாகிரியில் ஒரு குள்ளவீரனை இரவு முழுவதும் ஊறப்போட்டேன். காலையில் நிறம் அப்படியே இருந்தது. நிறமில்லாத இடமெல்லாம் மங்கிப்போயிருந்தது. ஒரு மாதத்தில் தாடி முழுவதும் வெள்ளை பூத்துவிட்டது. ஒரு காலத்தில் வெள்ளை நிறப்பூச்சுக்கான ஈய வெள்ளையைத் தயாரித்ததே காரீயத்தை வினாகிரி ஆவியில் வைத்துத்தான் என்று பிறகு வாசித்தேன். குள்ளனுக்கு நான் செய்தது அதேதான். நிறம் நீக்க அசிற்றோன் நல்லது. பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், கரைந்துவிடும். மண்ணிற டெட்டோலும் வேலை செய்யும். ஆனால் டெட்டோலில் ஊறியதை நேரே தண்ணீரில் பிடித்தால் நிறம் தார்போல் ஒட்டிக்கொள்ளும். டெட்டோலிலேயே தேய்த்தெடுத்துவிட்டுப் பிறகு சவர்க்காரத்துக்குப் போங்கள்.

இப்போது ஒட்டலாம். பிசிறையும் அச்சின் இரு பாதிகள் சந்தித்த கோட்டையும் அரத்தால் நீக்குங்கள். அரத்தை நனைத்துக்கொண்டு அராவினால் தூள் பறக்காது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத் தேநீர் குடியுங்கள். வளைந்த வாளை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். வெள்ளீயம் மிகுந்தது அவசரப்பட்டால் முறியும். நெருப்பில் காட்டவே வேண்டாம். இரண்டு உலோகமும் கலந்தால் 183 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மெழுகுதிரிச் சுடருக்கு ஒரு ஈட்டிமுனை இரண்டு விநாடி வேலை.

சிறிய கைகளுக்கு சூப்பர் குளூ போதும். டிராகனின் சிறகுக்குப் போதாது. சிறகின் பாரம் முழுவதும் நகமளவு இணைப்பில் தொங்குகிறது. பசை பிடித்ததுபோல் இருக்கும், மேசையை ஒருவர் இடித்ததும் கழன்று விழும். உள்ளே கம்பி வைக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் துளையூசியைக் கையால் திருகிச் சிறகின் வேரில் ஐந்து மில்லிமீற்றர் துளையிடுங்கள். பேப்பர் கிளிப்பை நறுக்கி அதில் செருகி, ஒரு நகமளவு வெளியே நிற்க விடுங்கள். அந்த முனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு புள்ளி வைத்து, சிறகை அதன் இடத்தில் சரியாகப் பொருத்தி அழுத்தி எடுங்கள். டிராகனின் முதுகில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். அங்கேதான் இரண்டாவது துளை. பசை பூசாமல் இரண்டு மூன்று தடவை பொருத்திப் பாருங்கள். இரு முகங்களையும் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, சிறகுக்கு இரண்டு குழாயைக் கலக்கும் எப்பொக்சிப் பசையைப் போடுங்கள். களிமண் உருண்டையில் முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் விடுங்கள். இடைவெளி தெரிந்தால் எப்பொக்சி மாவை ஈரவிரலால் அழுத்தி நிரப்பலாம்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. மார்கழி மழையில் வாவிக்கரை வீட்டில் வேலை செய்தால் துண்டை நேராக்குவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் பனிபோல் வெண்படலமும் படியும். ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். நிறத்துக்கு அடிப்பூச்சை ஸ்பிரே செய்வதென்றால் மழைக்காலத்தில் பூச்சு மங்கிப்போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் துளிகள் பறக்கும்போதே உலர்ந்து மணல் தூவியதுபோல் படியும். காற்று எழும்புவதற்கு முன், காலை ஏழு எட்டு மணிக்கு அடியுங்கள். அல்லது என்னைப் போல் தூரிகையாலேயே பூசிவிடுங்கள்.

டிராகனின் ஆறு துண்டுகளையும் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, பட்டையிலோ அடித்தட்டிலோ இருக்கும் எழுத்தையும் கிட்டத்தில் படமெடுத்துக் கேள்வியில் சேருங்கள். பக்கத்தில் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவு தெரியும்.