சங்கத்துக்கு எந்தக் கிடேரியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எங்கள் பால் சங்கம் இனவிருத்திக்காக ஜெர்சி கலப்புக் கிடேரிகளைத் தேர்வு செய்கிறது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருப்பதை எடுக்கலாமா? — மன்னார்குடி வாசகர்

பதில்: வேண்டாங்க. நம் டெல்டாவில் வைக்கோலை மட்டுமே தின்று வயிறு தொங்கும் கன்றுகளும் கொழுத்தவை போலத்தான் தெரியும். டேப் எடுத்து அளந்துவிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 56 அங்குலம், தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் 48 அங்குலம் என்றால், 56×56×48 ÷ 660 = சுமார் 228 கிலோ. 250 கிலோவைத் தொட்ட பிறகே சினை ஊசி போடுங்கள். அதற்கு முன் போட்டால் கன்று ஈனும்போது சிரமப்படும்.

அடுத்து மடி. நான்கு காம்பும் சம இடைவெளியில் இருக்க வேண்டும். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியை எடுக்கவே கூடாது, பெரும்பாலும் மலடுதான். நிறைய சங்கங்கள் ஏமாறுவது இங்கேதான்.

காதுவில்லையின் 12 இலக்க எண்ணை வைத்துத் தகப்பன் காளையின் எண்ணையும் தாயின் பால் அளவையும் கேட்டு எழுதி வையுங்கள். அதே காளையின் விந்தை மகளுக்கே போட்டுவிடக் கூடாதல்லவா? கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுக்குள் போடப்பட்டதா என்றும் பாருங்கள்.