கெண்டைக்காலைப் பிடித்துவிடும் முன் ஒரு ஸ்கேன்

கேள்வி: என் வயது 57. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கழுத்துவலியும் தூக்கமின்மையும் பாடாய்ப் படுத்துகின்றன. என் மகள் லாவெண்டர், யூகலிப்டஸ் எண்ணெய்கள் வாங்கித் தந்து, வீட்டுக்கு வந்து மசாஜ் செய்ய ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்திருக்கிறாள். இரவில் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சாரல் சீசனில் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் ஆசை. இவையெல்லாம் எனக்கு ஏற்றவையா? போன வாரம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வந்ததிலிருந்து இடது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. கொஞ்சம் வீங்கியும் இருக்கிறது. அதையும் நன்றாகப் பிடித்துவிடச் சொல்லலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: கடைசியில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் அம்மா. அந்தக் காலை யாரும் பிடித்துவிடக் கூடாது. எண்ணெயும் தேய்க்க வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போய், ரத்தக்குழாயில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டபடி அசையாமல் உட்கார்ந்து வந்தால், கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், லேசான சூடு என்பவை அதன் அடையாளங்கள். அந்த நிலையில் தசையை அழுத்திப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து, ரத்தத்தோடு இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

உங்களுக்கு வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். வீட்டிலேயே தையல் டேப் வைத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு முண்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அதற்காக, அளவு சமமாக இருக்கிறதே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டி இருப்பது தெரிந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்குவார்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

அடுத்து, வெந்நீர். இதை இன்றிரவே நிறுத்துங்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போவது மிகவும் சாதாரணம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் கால் 'வெதுவெதுப்பு' என்றுதான் சொல்லும். காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டது தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. சூடு தாளாத தண்ணீரா என்று நம் பாதத்தைக் கேட்கவே கூடாது. முழங்கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தூக்கத்துக்கு வெந்நீர் உதவுவது உண்மைதான். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் இதமான சூட்டில் உடம்புக்குக் குளித்தால், தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உட்சூடு வெளியேறுகிறது. உடம்பின் உட்சூடு இறங்கும்போதுதான் தூக்கம் வருகிறது. அதனால் படுக்கப் போகிற நேரத்தில் குளித்தால் அவ்வளவு பலன் இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், குளித்து முடித்ததும் சட்டென்று எழாதீர்கள், தலைசுற்றும்.

கழுத்துக்கு மசாஜ் செய்துகொள்ளலாம், ஸ்கேன் முடிவு வந்த பிறகு. தோள்பட்டையிலும் பிடரிக்கு இருபுறமும் உள்ள தசைகளை மெதுவாக அழுத்திவிட்டால் சில நாட்களுக்கு வலி குறையும். ஆனால் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அந்த வெட்டு இழுப்பில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. சலூனில் முடிவெட்டியதும் பழக்கமாகச் சொடக்கு எடுத்துக்கொள்ளும் ஆண்களிடமும் இதைச் சொல்லுங்கள். வலி கைக்கு இறங்கினாலோ, விரல்கள் மரத்தாலோ, மசாஜ் வேண்டாம், பரிசோதனைதான் தேவை.

லாவெண்டரின் மணம் மனப்பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்; சர்க்கரையையோ ரத்த அழுத்தத்தையோ அது கட்டுப்படுத்தாது. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் ஆறு சொட்டு போதும். அப்படிக் கலந்ததை முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பயன்படுத்துங்கள். கலக்காமல் நேரடியாகத் தேய்த்தால் தோல் வெந்துபோகலாம்.

யூகலிப்டஸ் எண்ணெயைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். ஊட்டிக்குப் போய்வந்தால் வாங்கிவருவது என்பதால் அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்துவிட்டாலே வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். கற்பூரமும் அப்படித்தான். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் குப்பியைப் பூட்டிவையுங்கள். சளி என்று கைக்குழந்தையின் மூக்கில், நெஞ்சில் தடவவே வேண்டாம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், குப்பியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

குற்றாலத்துக்கு, கால் பிரச்சினை தீர்ந்ததும் தாராளமாகப் போய்வாருங்கள். அந்தச் சாரலில் நிற்பதே மனத்துக்கு மருந்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அருவி தோளிலும் முதுகிலும் விழட்டும்; உச்சந்தலையிலும் பிடரியிலும் வாங்காதீர்கள். எண்ணெய்க் குளியல் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்; அருவிகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது, பாறையிலும் வழுக்கும். வெறுங்காலோடு நடந்து கல் குத்தினால் உங்களுக்குத் தெரியாமலே போகலாம் என்பதால், பின்வார் வைத்த, வழுக்காத செருப்போடு போய், திரும்பியதும் விரலிடுக்குகளைத் துடைத்துவிட்டுப் பாதங்களைப் பாருங்கள். வரிசையில் நின்று, குளித்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் போகாதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் சாப்பிட, கையில் இரண்டு மிட்டாயாவது இருக்கட்டும்.

இப்போது ஸ்கேனுக்குக் கிளம்பும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பாத உணர்ச்சிப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை.