குழந்தையின் உடம்பில் சின்னச் சின்ன முத்து மாதிரி வந்திருக்கிறது, மொலஸ்கம் என்கிறார் டாக்டர். இது எப்படிப் பரவும்? பள்ளிக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். மொலஸ்கம் தோலில் வரும் ஒரு வைரஸ் தொற்று. இருமல், தும்மலில் இது பரவாது.

முதலில் அம்மை என்று பயந்து வேப்பிலை கட்ட வேண்டாம். சின்னம்மை காய்ச்சலோடு வரும், நீர் கோத்த கொப்புளம் சில நாளில் பொருக்குத் தட்டிவிடும். மொலஸ்கம் கெட்டியாக, பளபளப்பாக, 2 முதல் 5 மி.மீ. அளவில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், உச்சியில் தொப்புள் மாதிரி ஒரு குழி தெரியும். அதற்குள் மெழுகு போல வெள்ளைக் கரு. வைரஸ் மண்டிக் கிடப்பது அதில்தான். இரத்தத்தில் கலக்காது, தோலின் மேலடுக்கோடு சரி.

ஆகவே பிள்ளை ஒன்றைக் கிள்ளினால் கரு நகத்தில் ஒட்டும். அதே நகத்தால் அக்குளைச் சொறிந்தால் அங்கே நான்கு புதிதாக முளைக்கும். குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த இடத்தைக் கையால் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைகளுக்கு வறண்டு வெடித்த தோல் வழியே வேகமாகப் பரவும். அவர்களுக்குத் தோல் காயாமல் பார்த்துக்கொள்வதே பாதி வைத்தியம்.

அடுத்தவருக்குப் போவது நேரடியாகத் தோல் உரசினால், அல்லது துண்டு, உடை, நார், சவரக்கத்தி பகிர்ந்தால். துண்டைத் தனியாக வையுங்கள், அண்ணன் தங்கையை ஒரே தொட்டியில் குளிக்க வைக்காதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெளியே தெரியும் இடத்தைச் சட்டையாலோ பிளாஸ்திரியாலோ மூடினால் விளையாட்டுக்கும் தடையில்லை. பெரியவர்களுக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் வந்தால் பெரும்பாலும் உடலுறவு வழியாக வந்தது. அங்கே சவரம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தொற்றியபின் தெரிய 2 வாரம் முதல் 6 மாதம் வரை ஆகலாம். எனவே போன வாரம் கூட விளையாடிய பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள், பாவம்.

முடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது இரண்டும் வேண்டாம். தோல் வெந்து தழும்புதான் மிஞ்சும். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானாகப் போய்விடும், குழந்தைக்கு அதுவே நல்லது என்பேன். மறையும் முன் சில முத்துகள் சிவந்து வீங்கும். உடம்பு வைரஸை அடையாளம் கண்டுகொண்டது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அறிகுறி. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தாலோ, இமையோரம் வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.